நாள் சொல்லிவிட்டு வரும் தலைவலி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டாவில் எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மாதவிலக்கு நாளில் தலை வலிப்பது பெண்ணாய்ப் பிறந்தவர்களுக்கு உள்ளதுதான். மெடிக்கலில் ஒரு தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, நெற்றியில் சுக்குப் பத்து போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துப் பொறுத்தால் மூன்றாம் நாள் தலைக்குக் குளித்ததும் சரியாகிவிடும். மாமியார் சொல்வதும் இதுதான், மெடிக்கல்காரர் சொல்வதும் இதுதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பொறுமையாகப் பேசும் மருத்துவர்கூட இந்தத் தலைவலி என்றதும் எழுதுகிற சீட்டில் ஒரு வரிக்கு மேல் போவதில்லை. இந்தப் பதிலில் அநேகமாக ஒவ்வொரு துண்டும் தவறு. அதிலும் பெரிய தவறு, எந்த மாத்திரையானாலும் ஒன்றுதான் என்ற நடுத்துண்டு. மாதவிலக்கு ஒற்றைத் தலைவலிக்கான மருந்துகளை எது ‘ஸ்ட்ராங்’ என்று ஒப்பிட்டுப் பயனில்லை. எந்த நாளில், எந்த மணியில் கொடுத்தால் எது வேலை செய்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

எதிர்த்தரப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பக்கமும் நியாயம் உண்டு. மாதவிலக்கையொட்டி வரும் தலைவலிகளில் பல லேசானவை. ஒரு பாரசிட்டமாலில் அடங்கிவிடுபவை. பெண் உடம்பில் நடக்கும் எல்லாவற்றையும் நோயாக்கி மருந்து விற்கும் வியாபாரம் உலகெங்கும் நடக்கிறது என்ற சந்தேகமும் வீண் சந்தேகம் இல்லை. உலகத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட மூன்றாம் வகைப்பாட்டில்கூட மாதவிலக்கு ஒற்றைத் தலைவலி முதன்மை அத்தியாயங்களில் இடம்பெறவில்லை. இன்னும் ஆராய வேண்டியது என்று பின்னிணைப்பில்தான் நிற்கிறது. இன்னொன்றையும் அவர்கள் கையில் நானே கொடுக்கிறேன். ரிசாட்ரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மருந்தை இந்தப் பெண்களிடம் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2007இல் வெளிவந்தன. 10 மில்லிகிராம் மருந்து எடுத்தவர்களில் 70, 73 சதவீதத்தினருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 53, 50 சதவீதத்தினருக்குத் தணிந்தது. பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையே கேட்கிறது என்றால், எதைக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான். அந்தக் கேள்விக்கு இரண்டாவது மறுப்பில் பதில் இருக்கிறது.

1. எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதான் என்பது எந்தக் கணக்கில்? அடிவயிற்று வலியைப் பற்றி அப்படிச் சொன்னால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஒற்றைத் தலைவலி வேறு. அது தலைக்குள் துடிக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் பிடிக்கும், குனிந்தால், நடந்தால் கூடும், வாந்தி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, மருந்து இல்லாவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நிற்கும். ரத்தப்போக்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாளுக்குள், மூன்று மாதவிலக்கில் குறைந்தது இரண்டிலாவது இப்படி வந்தால்தான் அது மாதவிலக்கு ஒற்றைத் தலைவலி. நார்வேயில் 30 முதல் 34 வயதுப் பெண்களிடம் கணக்கெடுத்தபோது, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் இந்த வகை இருந்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் பெங்களூரைச் சுற்றி நடந்து 2015இல் வெளியான கணக்கெடுப்போ, ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் வயதுவந்தோரில் கால்வாசிப் பேர், அதிலும் பெண்களே மிகுதி என்கிறது. ஆக எல்லாருக்கும் வருவதில்லை, வருகிறவர்களோ ஏராளம். இயல்பு என்று சொல்லி மூடிவைக்க இதில் எந்தப் பாதி இடம் தருகிறது?

இந்த வலியை ரத்தப்போக்கின் உபத்திரவமாகப் பார்ப்பதிலும் அடிப்படைப் பிழை இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பிரையன் சோமர்வில் என்ற மருத்துவர், இந்தத் தலைவலி உள்ள சில பெண்களுக்கு மாதவிலக்குக்கு முன்பாக ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். ரத்தப்போக்கு தன் நாளில் வந்தது; தலைவலி தள்ளிப்போனது. புரோஜெஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார். ரத்தப்போக்கு தள்ளிப்போனது, தலைவலியோ பெரும்பாலும் தன் நாளில் வந்து நின்றது. பெண்களின் எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் இரண்டையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டிய சோதனை அதற்கு முன் இல்லை. தலைவலியைக் கிளப்புவது ரத்தம் போவதல்ல, அதற்கு முன் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குவது. ரத்தப்போக்கு தொடங்கியபின் கருப்பை உள்சுவரிலிருந்து வெளிப்படும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதற்கு எண்ணெய் வார்க்கிறது. கோயில் விசேஷம், கிரகப்பிரவேசம் என்றால் ‘தள்ளிப்போடும் மாத்திரை’ வாங்கிக்கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதுவும் புரோஜெஸ்டிரோன் இனத்தைச் சேர்ந்ததுதான். நாள் தள்ளிப்போனால் தலைவலியும் தள்ளிப்போகும் என்று நம்பி அதை விழுங்கச் சொல்பவர்கள் சோமர்வில் கண்டதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மூன்றாம் நாள் தலைக்குளியல் வலியைப் போக்குகிறது என்பதும் தலைகீழ்க் கணக்கு. அந்த நாளுக்குள் ஹார்மோன் இறக்கத்தின் வேகம் தானே அடங்கிவிடுகிறது. பெயரைத் தண்ணீர் தட்டிக்கொண்டு போகிறது. மும்பையின் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல் எழுதிய ஆய்வு, தலைக்குக் குளிப்பதாலேயே ஒற்றைத் தலைவலி கிளம்பும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றியது. ஈரக்கூந்தலோடு வயலுக்குப் போகும் பெண்ணுக்கு மூன்றாம் நாள் புதிதாக ஒரு வலி வந்தால் அது மாதவிலக்கின் மிச்சமா, குளியலின் வேலையா என்று யார் கேட்கிறார்கள்?

பொறுத்துக்கொள் என்பவர்கள் எதைப் பொறுக்கச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, குழுவாக இறங்குவது நடவு. காலை ஏழு மணிக்கு வரப்பிலிருந்து சேற்றில் கால் வைத்தால் மதியம் வரை முதுகு நிமிராது; தலை இடுப்புக்குக் கீழே தொங்கும். மேலே வெயில். கீழே கட்டிநிற்கும் தண்ணீரில் அதே வெயில் திரும்பி முகத்தில் அடிக்கும். குனிந்தால் கூடும், வெளிச்சம் ஆகாது என்று மருத்துவப் புத்தகம் பட்டியலிடும் இரண்டும் அந்த வேலையின் இயல்பே. வரிசையில் ஒருத்தி பின்தங்கினால் மொத்தக் குழுவின் கூலி பின்தங்கும். அதனால் அவள் நிறுத்தமாட்டாள். முந்தானை முடிச்சில் இருக்கும் மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குவாள். எந்த மாத்திரை என்பது அங்கேதான் முக்கியமாகிறது.

2. எல்லா மாத்திரையும் ஒன்றா? கடையில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். ‘தலைவலி மாத்திரை’ என்று கேட்டால் வரும் சாரிடான், புரோபிஃபெனசோன், பாரசிட்டமால், காஃபீன் மூன்றின் கலவை. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தபோது இதுவும் பட்டியலில் இருந்தது. 1988க்கு முன்பிருந்தே தயாரிப்பில் உள்ளது என்ற அடிப்படையில் உச்சநீதிமன்றம் போய்த் தப்பியது. அது சட்டத்தில் பெற்ற வெற்றி. இந்தத் தலைவலிக்கு அது ஏற்ற மருந்து என்பதற்கான சான்று அந்தத் தீர்ப்பில் இல்லை. ‘பீரியட்ஸ் மாத்திரை’ என்று கேட்டால் வருவது மெஃபனாமிக் ஆசிடும் டைசைக்ளோமினும் சேர்ந்தது. மெஃபனாமிக் ஆசிட் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும். மாதவிலக்கு ஒற்றைத் தலைவலியில் அதற்கென்று சோதனைகளும் உண்டு. கூட இருக்கும் டைசைக்ளோமினுக்குத் தலையில் வேலை இல்லை. அது வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்துவது. குடல் அசைவை மந்தமாக்குவது. ஒற்றைத் தலைவலி வந்தவருக்கு ஏற்கெனவே இரைப்பை மந்தமாகி, விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலக்கத் தாமதமாகிறது. அந்த நேரத்தில் இன்னும் மந்தமாக்கும் பொருளைச் சேர்த்துக் கொடுப்பதில் என்ன தர்க்கம்? வயிற்றுவலியும் தலைவலியும் சேர்ந்தே வருகிறவர்களுக்கு மெஃபனாமிக் ஆசிட் தனியாக ஒரு நல்ல தேர்வுதான். அதுவும் விளையாட்டுப் பண்டம் அல்ல. காய்ச்சல், தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு என்று வரக்கூடிய அரிதான கடும் ஒவ்வாமை குறித்து இந்திய மருந்தியல் ஆணையமே 2023 இறுதியில் எச்சரித்திருக்கிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பயம் தருவது நான்கு சரக்குக் கலவை: எர்கோட்டமின், காஃபீன், பாரசிட்டமால், வாந்தியை நிறுத்தும் புரோகுளோர்பெரசின். ஒற்றைத் தலைவலி என்று பெயர் சொல்லிக் கேட்பவருக்கு மருத்துவர் சீட்டே இல்லாமல் எடுத்துக்கொடுக்கும் கடைகள் உண்டு. எர்கோட்டமின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், கருப்பையையும் சுருக்கும். கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. நாள் தவறிப்போன பெண், வரப்போகிறது போலிருக்கிறது என்று நினைத்து அதை விழுங்கினால்? எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் கைகால் விரல்களுக்கு ரத்தமே போகாத அளவுக்கு அதன் வீரியம் ஏறிவிடும். அதை எடுத்த 24 மணி நேரத்துக்குள் சுமட்ரிப்டான் போன்ற மருந்தைக் கொடுக்கக் கூடாது. இரண்டும் குழாய்களைச் சுருக்குபவை. இப்போது மெடிக்கல் கவுண்டரை நினைத்துப் பாருங்கள். முழு அட்டை யாரும் வாங்குவதில்லை. கத்தரிக்கோல் எடுத்து இரண்டு மாத்திரையை வெட்டித் தாளில் சுருட்டிக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அட்டையின் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. அன்று மாலை வாந்தி நிற்காமல் அரசு மருத்துவமனைக்குப் போகும் பெண், என்ன மாத்திரை போட்டீர்கள் என்ற கேள்விக்கு, வெள்ளையாக இருந்தது என்பாள். பணி மருத்துவர் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இது கற்பனைப் பயம் இல்லை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்த்த சுமார் 100 பெண்களிடம் பேசி 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு வேலையிடத்திலேயே பெயர் அச்சிடாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டன என்பதே அதன் சாரம். விடுப்பு கொடுத்தால் உற்பத்தி போகும். மாத்திரை கொடுத்தால் தையல் மிஷின் நிற்காது. எல்லா மாத்திரையும் ஒன்றுதான் என்ற நம்பிக்கைக்கு யார் லாபம் பார்க்கிறார்கள் என்று அந்தச் செய்தி காட்டியது.

சரி, வெற்று மாத்திரையிலேயே பாதிப் பேருக்குத் தணிந்ததே என்ற கேள்விக்கு வருவோம். அந்த ஆய்வில் தணிந்தது என்றால் கடுமையான வலி லேசானதாக ஆனது என்றும் பொருள். முற்றிலும் போனது என்று மட்டும் பொருளில்லை. அதைவிட முக்கியம், அளந்தது இரண்டாவது மணி நேரத்தில். மாதவிலக்கோடு வரும் ஒற்றைத் தலைவலியின் தனிக்குணமே, மற்ற நாட்களில் வருவதைவிட நீளமாக நிற்பதும், அடங்கியதுபோல் அடங்கி மறுநாள் திரும்புவதும். காரணம் எளிது: ஹார்மோன் இறக்கம் இரண்டு மணி நேரத்தில் முடிகிற சங்கதி இல்லை. ஆகவே இங்கே மருந்துகளை ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்வி, மறுநாள் காலையில் அவள் எப்படி இருந்தாள் என்பது. ரிசாட்ரிப்டானின் அரையாயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம், 2 முதல் 3 மணி நேரம். அதே டிரிப்டான் இனத்தைச் சேர்ந்த ஃப்ரோவட்ரிப்டானுக்குச் சுமார் 26 மணி நேரம். இத்தாலியில் இரண்டையும் மாதவிலக்கு நாட்களில் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, இரண்டு மணி நேரக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. 24 மணி நேரத்துக்குள் வலி திரும்பியது ஃப்ரோவட்ரிப்டான் எடுத்தவர்களிடம் குறைவு. விரைவாக ஏறி விரைவாக இறங்கும் மருந்தோடு, நீண்ட நேரம் நிற்கும் நாப்ராக்சன் என்ற வலிநிவாரணியைச் சேர்த்துக் கொடுப்பதன் நியாயமும் இதுவே. ‘ஸ்ட்ராங்’ என்ற சொல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது.

டிரிப்டான்கள் எல்லாருக்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. இதய நோய், பக்கவாதம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. ஒற்றைத் தலைவலியைத் தடுக்க நாள்தோறும் புரோப்ரனலால் எடுப்பவருக்கு ரிசாட்ரிப்டான் 10 மில்லிகிராம் கொடுத்தால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும், 5 மில்லிகிராம் போதும். நாப்ராக்சனோ, வெறும் வயிற்றில், வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் எடுத்தால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இத்தனை வேற்றுமைகளை வைத்துக்கொண்டு எல்லாம் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது?

சுக்கையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். ஈரானில் 100 நோயாளிகளிடம் 250 மில்லிகிராம் இஞ்சிப்பொடியை 50 மில்லிகிராம் சுமட்ரிப்டானோடு ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. இரண்டு மணி நேரத்தில் இரண்டும் ஒரேபோல் வேலை செய்தன. வெற்று மாத்திரைக் குழு அதில் இல்லை என்பது அதன் குறை. உள்ளுக்குச் சாப்பிட்ட பொடியின் முடிவை நெற்றியில் போடும் பத்துக்கு ஏற்றிச் சொல்லவும் முடியாது. பாட்டி வைத்தியம் என்று இதற்குக் கொடி பிடிப்பவர்கள் தஞ்சாவூர்க்காரர்கள் என்றால் அவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: மன்னர் இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகாலில் பல மரபு மருத்துவர்களையும் கூட்டிவைத்து, மருந்துகளைச் சோதித்து, பலித்தவற்றைப் பதிந்துவைக்கச் சொன்னார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற நூல்கள் அந்தப் பதிவிலிருந்து வந்தவை. சோதிக்காமல் நம்புவது தஞ்சாவூரின் மரபாக இருந்ததில்லை.

3. வலி வருமுன் மாத்திரை போடுவது தப்பா? தப்பு என்ற இந்தத் தடைதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் சேதம் செய்கிறது. வலியே இல்லாதபோது மருந்தா, உடம்பு கெட்டுவிடும், பழகிவிடும், கருப்பை வறண்டுவிடும் என்கிறார்கள். ஆனால் ஒற்றைத் தலைவலி வகைகளிலேயே தேதி சொல்லிவிட்டு வருவது இது ஒன்றுதான். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று வைத்து நாற்றங்கால் விடும் ஊர், தண்ணீர் கடைமடைக்கு வந்தபிறகா வாய்க்காலைத் தூர்வாரத் தொடங்குகிறது? தேதி தெரிந்ததற்கு முன்னேற்பாடு செய்வதே விவேகம். 2004இல் வெளியான ஆய்வில் 546 பெண்கள் மாதவிலக்கையொட்டிய ஆறு நாட்களுக்கு ஃப்ரோவட்ரிப்டானை முன்கூட்டியே எடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த மாதங்களில் 67 சதவீதத்தினருக்குத் தலைவலி வந்தது. ஒருவேளை மருந்தில் அது 52 சதவீதம். இருவேளை மருந்தில் 41 சதவீதம். 2012இல் அமெரிக்க நரம்பியல் கழகமும் தலைவலிச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், மாதவிலக்கு ஒற்றைத் தலைவலிக்கான குறுகிய காலத் தடுப்பில் ஃப்ரோவட்ரிப்டானுக்கு முதல்தரச் சான்று என்று இடம் கிடைத்தது. நாரட்ரிப்டானும் சோல்மிட்ரிப்டானும் அடுத்த படியில். இந்த நாட்களுக்கு மட்டும் நாப்ராக்சன் எடுப்பதும் தொண்ணூறுகளிலிருந்தே சோதிக்கப்பட்டது; விலையும் குறைவு, அடிவயிற்று வலிக்கும் கேட்கும். 1991இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு, சுழற்சியின் 15ஆம் நாளிலிருந்து மாதவிலக்கு வரை 360 மில்லிகிராம் மக்னீசியம் கொடுத்துப் பலன் கண்டது. அதில் இருந்தவர்கள் 20 பேர்தான். அதை வைத்து ஊரெல்லாம் மக்னீசியம் விற்கக் கூடாது.

அந்த 41 சதவீதத்தை மறைக்கவும் கூடாது. சிறந்த முறையில் முன்கூட்டி எடுத்தும் ஐந்தில் இருவருக்கு வலி வந்தது. அது பூட்டு இல்லை, வேலி. வேலிக்கும் விலை உண்டு. ஆறு நாள் டிரிப்டான் எடுப்பவருக்கு மாதத்தில் மிச்சம் மூன்று நாள்தான் கணக்கில் இருக்கிறது. டிரிப்டான், எர்கோட்டமின், கலவை மாத்திரை எதுவானாலும் மாதத்துக்கு 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால் மருந்தே தலைவலியை வளர்க்கும். தனி வலிநிவாரணிக்கு அந்த எல்லை 15 நாள். எனவே மற்ற நாட்களிலும் அடிக்கடி வலி வருகிறவருக்கு இந்த வழி ஒத்துவராது. அவருக்கு நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து வேண்டும். அதிலும் பிள்ளை பெறும் வயதில் வால்புரோயேட், டோபிரமேட் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது, கருவைப் பாதிப்பவை. நாள் ஒழுங்காக வராதவருக்கும் முன்கூட்டி எடுப்பது வீண். வலி தொடங்கிய முதல் அரைமணிக்குள் எடுப்பதுதான் அவருக்கு வழி. கரு தரித்திருக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் தொடங்கவே கூடாது.

ஈஸ்ட்ரோஜன்தான் இறங்குகிறது என்றால் அதையே கொடுத்துவிடலாமே என்பதற்கும் நேரம்தான் பதில் சொன்னது. 2006இல் ஆன் மெக்கிரிகர் என்ற மருத்துவரின் குழு லண்டனில் ஈஸ்ட்ரோஜன் ஜெல் தடவச் சொல்லிப் பார்த்தது. தடவிய நாட்களில் ஒற்றைத் தலைவலி 22 சதவீதம் குறைந்தது. நிறுத்திய அடுத்த ஐந்து நாட்களில் 40 சதவீதம் கூடியது. இறக்கத்தைத் தடுக்கவில்லை, ஐந்து நாள் தள்ளிவைத்தது. கூட்டு ஹார்மோன் கருத்தடை மாத்திரையை இதற்காக எழுதுகிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுதவே கூடாது: வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு, வளைந்து நெளியும் வெளிச்சம் தெரிகிறதா? தெரிகிறது என்றால் அந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு அது கூடவே கூடாது என்ற கடைசிப் பிரிவில் வைத்திருக்கிறது.

4. கல்யாணம் ஆனால், பிள்ளை பெற்றால் சரியாகுமா? கர்ப்பத்தின் பின்பாதியில் பலருக்கு உண்மையிலேயே குறைகிறது, அப்போது ஈஸ்ட்ரோஜன் இறங்காமல் உயர்ந்தே நிற்பதால். பிள்ளை பிறந்ததும் அது சடாரென்று இறங்குகிறது. மாதவிலக்கு திரும்பும்போது வலியும் திரும்புகிறது. நாற்பதுகளில் ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கும் வருடங்களில் பலருக்கு முன்னைவிட மோசமாகிறது. கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் நிம்மதி என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1993இல் வெளியான இத்தாலிய ஆய்வில், இயற்கையாக மாதவிலக்கு நின்றவர்களில் மூன்றில் இருவருக்கு ஒற்றைத் தலைவலி குறைந்தது. அறுவை செய்து நிறுத்தியவர்களில் மூன்றில் இருவருக்குக் கூடியது. தலைவலிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

5. இதெல்லாம் நகரத்துப் பெண்களுக்கு, நாற்று நடுபவளுக்கு எங்கே என்கிறார்களா? இதில் அக்கறையைவிட அலட்சியம்தான் கூடுதலாகத் தெரிகிறது. தேவையான கருவி ஒன்று தினசரி காலண்டர். அது இல்லாத வீடு டெல்டாவில் இல்லை. மாதவிலக்கு வந்த நாளில் ஒரு வட்டம், தலை வலித்த நாளில் ஒரு பெருக்கல் குறி, மாத்திரை போட்ட நாளில் அதன் பெயர். மூன்று மாதம் இப்படிக் குறித்தால், வட்டத்தோடு பெருக்கல் ஒட்டி வருகிறதா என்று எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒட்டி வராமல் மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். அவருக்கு வேறு சிகிச்சை. சுமட்ரிப்டானை உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சுமட்ரிப்டானும் ரிசாட்ரிப்டானும் நாப்ராக்சனும் இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பவை. அரைநாள் கூலி போவதோடு ஒப்பிட்டால், மாதத்துக்கு இரண்டு மூன்று சரியான மாத்திரையின் விலை பெரிய விலை இல்லை. பெரிய விலை, தவறான மாத்திரையை மாதம் பதினைந்து நாள் விழுங்கிக்கொண்டே இருப்பது.

இன்னொரு எதிர்வாதம் நேர்மையானது, அதனால் கனமானது: இந்த மருந்துகளை ஒன்றோடொன்று மோதவிட்ட ஆய்வுகள் எத்தனை? குறைவு. பெரும்பாலானவை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டவை. ஃப்ரோவட்ரிப்டான், ஈஸ்ட்ரோஜன் பட்டை, நாப்ராக்சன் மூன்றையும் முன்தடுப்புக்கு ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வில் நாற்பது பெண்கள்கூட இல்லை. எதை எடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்தே நடந்தது அது. ஒரு ஆய்வின் சதவீதத்தை இன்னொரு ஆய்வின் சதவீதத்தோடு பக்கத்தில் வைத்து வெற்றி தோல்வி சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன். சான்று குறைவு என்பதால் வரும் முடிவு, ஒவ்வொரு பெண்ணிடமும் மூன்று மாதம் குறித்துப் பார்த்து மாற்ற வேண்டும் என்பதே. ‘ஆகவே எதையாவது கொடு’ என்ற முடிவு அதிலிருந்து வராது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குப் புதுத் திட்டம்கூட வேண்டாம். கடைசியாகக் குளித்தது எந்தத் தேதி என்று கிராம சுகாதார செவிலியர் டெல்டாவின் ஒவ்வொரு தெருவிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், பிரசவத் தேதி கணக்கிட. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. டிரிப்டான் யாருக்கு ஆகாது என்று அறிய முதலில் வேண்டியதே அந்த அளவுதான். தேதி கேட்கும் அதே மூச்சில் அந்த நாளில் தலைவலி வருமா, என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்லி மாவட்ட சுகாதார அலுவலர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். மெடிக்கல்காரர்கள் அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கும் பக்கத்தை வெட்டிக் கொடுக்கட்டும்.